ஒயின் அறையும் என் எண்ணிக்கையும்

ஜனவரி 20, திங்கள். 261-ஆம் நாள்.

வடவள்ளியில் ஒரு டாக்டரம்மா வீட்டில் பாட்டில் வைக்க மர அடுக்கு வேண்டும் என்று போன் வந்தது. டாக்டர் வீடு என்றால் மருந்து பாட்டில்தானே என்று நினைத்துக்கொண்டு போனேன். காது மூக்கு தொண்டை டாக்டர், பெயர் வைஜயந்தி, ஐம்பத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். வீடு மேட்டுச் சரிவில் இருப்பதால், கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் பாறையை ஒட்டிப் பத்துக்கு எட்டு அடியில் ஓர் அறை அமைந்திருக்கிறது. ஜன்னல் கிடையாது. உள்ளே கால் வைத்ததும் சில்லென்றது. இருநூறு பாட்டில் வைக்க வேண்டும் என்றார். அவ்வளவு இருமல் மருந்தா மேடம் என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது. ஒயினாம். ஊர் ஊராகப் போய் வாங்கிச் சேர்த்தது, கட்டிலுக்கு அடியிலும் பீரோவிலும் கிடந்து வெயிலில் வீணாகிறதாம்.

பழைய நோட்டு தீர்ந்து இது இரண்டாவது நோட்டு என்பதால் மறுபடி எழுதி வைக்கிறேன். நான் திருமூர்த்தி, மர வேலை கான்ட்ராக்டர், வயது நாற்பத்தேழு, குடிகாரனாக இருந்தவன். தேதிக்குப் பக்கத்தில் உள்ள எண், நான் குடிக்காமல் இருக்கும் நாட்கள். செவ்வாய்க்கிழமை தோறும் எங்களைப் போன்றவர்கள் கூடுகிற கூட்டத்தில் எனக்குத் துணையாக நிற்பவர் ஆல்பர்ட் அண்ணன். தையல்காரர், குடியை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மதியம் சாப்பிட்டதும் எண்ணை எழுது, நன்றி சொல்ல ஒன்றாவது எழுது, மற்றதெல்லாம் உன் இஷ்டம் என்று அவர்தான் சொன்னார். எண் 365 ஆகும் நாள் மே 4. அன்று என் மனைவி அம்சவேணியும் மகள் மௌனிகாவும் பொள்ளாச்சியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருவார்கள். ஒரு வருடம், ஒரு சொட்டு கூடாது. அம்சா போட்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

வேலையை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு மாதமாக என் கையில் செருப்பு ஸ்டாண்டையும் டிவி ஸ்டாண்டையும் தவிர வேறொன்றும் இல்லை. இந்த மாதிரி அறையைக் கோயம்புத்தூரில் எத்தனை ஆசாரி செய்திருப்பான்?

நன்றி: கைக்கு ஏற்ற வேலை வந்ததற்கு.

ஜனவரி 22, புதன். 263.

நேற்றுக் கூட்டம். இப்போது என்ன வேலை போகிறது என்று ஆல்பர்ட் அண்ணன் கேட்டார். ஒரு டாக்டர் வீட்டில் அடுக்கு என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நன்றி: கூட்டத்தில் கொடுத்த சுண்டல். தேங்காய் தாராளமாகப் போட்டிருந்தார்கள்.

ஜனவரி 27, திங்கள். 268.

இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். தரையிலிருந்து கூரைவரை ஏழு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் பாட்டில்கள் வரிசையாக நிற்கும், முன்னால் விழாமலிருக்க ஒரு சின்னக் கட்டை. டாக்டரம்மா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒயின் பாட்டிலை நிற்க வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும் என்றார். உள்ளே இருக்கும் ஒயின் தக்கையை நனைத்துக்கொண்டே இருந்தால்தான் தக்கை காயாது. காய்ந்தால் காற்று புகுந்து எல்லாம் வினிகராகிவிடும்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வரைந்திருந்தது அறையே அல்ல, கம்பி வலைக்குப் பின்னால் இருக்கும் மதுக்கடை அடுக்கு. இருபது வருடம் அந்த அடுக்கைப் பார்த்து நின்றவன் கைக்கு வேறென்ன வரும்? பாட்டில் என்றால் நிற்கும், வாங்கினால் தீரும். படுத்து வருடக்கணக்கில் காத்திருக்கிற பாட்டிலை நான் கண்டதில்லை. கடைகளைப் பற்றி எதுவும் தெரியாதவன் மாதிரி, அப்படிங்களா மேடம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அளவுக்கு ஒரு காலி பாட்டில் கொடுத்தார். சுற்றளவு, நீளம், கழுத்து எல்லாம் எடுத்தாயிற்று. ஒரு பாட்டில் படுக்கிற கூடு நாலு அங்குலம். ஷாம்பெயின் மாதிரி நுரை பொங்கி வரும் ரகத்துக்குப் பாட்டில் பருமனாக இருக்குமாம், அதற்குக் கீழ் வரிசையில் தனியாக நாலரை.

நன்றி: டாக்டரம்மா என்னைக் கேலி செய்யாததற்கு.

பிப்ரவரி 5, புதன். 277.

மரம் எடுத்தாயிற்று. இடித்த ஒரு மில் குடியிருப்பிலிருந்து வந்த பழைய தேக்கு, உத்தரமாக இருந்தது. எண்பது வருடம் காய்ந்த மரம் இனிமேல் எங்கே வளையப் போகிறது. பாலிஷ் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார். வார்னிஷ் வாசம் தக்கை வழியாக உள்ளே இறங்கிவிடுமாம். பாலிஷ் இல்லாமல் வேலையை ஒப்படைப்பது எனக்கு முகம் கழுவாமல் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. உப்புத்தாள் மட்டும் போட்டு நாலு முறை தேய்த்தோம். மரத்தின் சொந்த நிறமே போதும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நன்றி: தேக்கு.

பிப்ரவரி 9, ஞாயிறு. 281.

ஞாயிறு பத்து மணிக்கு மௌனிகா போன் பண்ணுவாள். ஒன்பதாம் வகுப்பு. வழக்கமாக இரண்டு நிமிடம், இன்று ஒன்பது நிமிடம். இங்கே வந்தால் அவள் அறையில் ஒரு படிக்கிற மேசை வேண்டும், இழுப்பறைக்குப் பூட்டு வேண்டும் என்றாள். பூட்டு எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள். சும்மாவுக்கும் ஒரு பூட்டு போட்டுத் தருகிறேன் என்றேன்.

நன்றி: ஒன்பது நிமிடம்.

பிப்ரவரி 19, புதன். 291.

அறையின் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன் மேல் மூன்றங்குலக் குளிர்காப்புப் பலகை அடித்து முடித்தோம். கதவின் நாலு பக்கமும் ரப்பர். குளிரூட்டும் மெஷின் வந்து மாட்டியாயிற்று. வருடம் முழுவதும் பதின்மூன்று டிகிரி நிற்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மெஷின் தள்ளும் சூடு கார் நிற்கும் பக்கம் போகும்.

மேலே தண்ணீர் குடிக்கப் போனபோது பிரிட்ஜில் பாதி ஒயின் பாட்டில் ஒன்று இருந்தது, மேலே ரப்பர் மூடி. சனிக்கிழமை திறந்தது என்றார். இன்று புதன். சனிக்கிழமை ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மூடி வைத்துவிட்டாராம். அடுத்த கிளாஸ் எப்போது மேடம் என்று கேட்டேன். நினைவு வந்தால் என்றார். நினைவு வந்தால்! உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். பாதி பாட்டிலை வீட்டில் வைத்துக்கொண்டு நாலு நாள் தூங்கி எழுந்து ஆபரேஷன் செய்துவிட்டு வருகிறார்கள். அந்த ரப்பர் மூடியை நான் அவ்வளவு நேரம் நின்று பார்ப்பதைக் கண்டு, என்ன மூர்த்தி, தண்ணி போதுமா என்று கேட்டார்.

நன்றி: தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

மார்ச் 12, புதன். 312.

நேற்று ஆல்பர்ட் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அது என்ன அடுக்கு என்று. திட்டுவார் என்று நினைத்தேன். டாக்டரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார். வேலைக்கு வந்தவன் தன் வியாதியை எல்லாமா சொல்லிக்கொண்டிருப்பான் என்றேன். “வியாதிய டாக்டர்கிட்டச் சொல்லாம தையக்காரன்கிட்டயாடா சொல்லுவ?” என்றார். நாளை சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நன்றி: ஆல்பர்ட் அண்ணன்.

மார்ச் 13, வியாழன். 313.

டாக்டரம்மாவுக்கு இன்று ஆபரேஷன் நாள். பார்க்க முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி. 314.

விருந்தாளிகள் இருந்தார்கள்.

மார்ச் 24, திங்கள். 324.

கூடுகள் மொத்தம் இருநூற்றுப் பதினாறு, எல்லாம் சுவரில் ஏறிவிட்டன. பாரம் தாங்குகிறதா என்று பார்க்க, நிஜ பாட்டில்களையே அடுக்கச் சொன்னார். இருநூற்று ஆறு பாட்டில்களை மாடியிலிருந்து இரண்டு இரண்டாக நானே இறக்கினேன். உதவிக்கு இருந்தவர்களிடம் கொடுக்கவில்லை, உடைத்துவிடுவார்கள் என்று சொன்னேன். ஒவ்வொன்றையும் கழுத்து வெளியே தெரியப் படுக்க வைத்தேன். ஒன்றுகூட ஆடவில்லை. சில பாட்டில்கள் மௌனிகாவைவிட வயதில் மூத்தவை.

மூன்று செம்பு தண்ணீர் குடித்தேன். மாடி ஏறி இறங்கியதால்.

டாக்டரம்மா இன்று காலை முழுக்க வீட்டில்தான் இருந்தார், என் பக்கத்திலேயே. நிறையப் பேசினோம். பாட்டில்களைப் பற்றித்தான் பேசினோம்.

நன்றி: ஒன்றும் உடையவில்லை.

ஏப்ரல் 5, சனி. 336.

நேற்று மாலை நாலு மணிக்கு அறையை ஒப்படைத்தேன். விளக்கைப் போட்டதும் டாக்டரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். தேக்கு தேன் நிறத்தில் இருந்தது. உள்ளே போய்க் கூடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்ததாம். அவர் கண் கலங்கிவிட்டது. செய்த வேலையைப் பார்த்து ஒருவர் அழுவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை.

வேலை முடிந்தால் ஆசாரிக்குத் தட்டு வைத்து வேட்டி துண்டு கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். இப்போதெல்லாம் யார் செய்கிறார்கள். அவர் முறைப்படி செய்தார், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. பெரிய வெள்ளித் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு பூவன்பழம், வேட்டி, துண்டு, மல்லிகை. நடுவில் ஒரு சிவப்பு ஒயின் பாட்டில்.

“இந்த ரூம்ல இருக்கறதுலயே நல்லது இதுதான் மூர்த்தி. மொத பாட்டில் உங்களுக்குத்தான் போகோணும்.”

வேட்டியோடு வருகிற தட்டை எந்த ஆசாரியும் வேண்டாம் என்று சொல்லமாட்டான். சொன்னால் வேலையில் அவனுக்கே திருப்தியில்லை என்று அர்த்தம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பாட்டிலை வரும் வழியிலேயே அந்தத் தெரு வாட்ச்மேன் ரங்கனிடம் கொடுத்துவிட்டேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

இன்று பட்டறைக்குப் போகவில்லை. தலைவலி. வெயில் அதிகம்.

நன்றி: வேட்டி நல்ல வேட்டி.

ஏப்ரல் 6, ஞாயிறு. 337.

மௌனிகா பேசினாள். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே அப்பா என்றாள். சளி என்றேன்.

நன்றி: சாப்பாடு.

ஏப்ரல் 7, திங்கள். 338.

நன்றி: சாப்பாடு.

ஏப்ரல் 9, புதன். 340.

நேற்றுக் கூட்டத்துக்குப் போகவில்லை, பஸ் கிடைக்கவில்லை. ஆல்பர்ட் அண்ணன் மூன்று முறை கூப்பிட்டிருந்தார். பட்டறையில் மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

காலையில் அம்சா கூப்பிட்டாள். வழக்கமாகப் போனை மகளிடம் கொடுத்துவிடுவாள், இன்று அவளே பேசினாள். அவள் வேலை செய்யும் தென்னைநார் மில்லில், வெள்ளிக்கிழமை மேஸ்திரியிடம் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லப் போகிறாளாம். அன்றே பள்ளிக்கூடத்திலும் டிசி கேட்டு எழுதிக் கொடுக்கப் போகிறாளாம். அந்த வேலையை விட்டால் மறுபடி கிடைக்காது, வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றாள். பிறகு இன்று எத்தனாவது நாள் என்று கேட்டாள்.

முந்நூற்று நாற்பது என்றேன்.

“நெசமாலுமே இருந்துட்டீங்களே” என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கடைசியாகக் கேட்டது மௌனிகா பிறந்த அன்றைக்குத்தான்.

நன்றி:

ஏப்ரல் 10, வியாழன். 6-ஆம் நாள்.

மேலே எழுதியிருக்கும் 336, 337, 338, 340 நான்கும் பொய். அடித்துத் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.

வாட்ச்மேன் ரங்கனுக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேன், வேட்டியை அலமாரியில் வைத்தேன், பாட்டிலைச் சமையல் மேடையில் படுக்க வைத்தேன். படுக்க வைத்தால் அது பாதுகாப்பதுதான், குடிப்பதல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தக்கையை எடுக்கும் திருகு என்னிடம் கிடையாது. இரண்டங்குல மர ஸ்க்ரூ ஒன்றை இறக்கிக் குறட்டால் பிடித்து இழுத்தேன். ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மூடி வைக்க என்னாலும் முடியுமா என்று பார்க்கத்தான் என்று முதல் டம்ளரில் நினைத்தேன். இழுத்ததில் தக்கை உடைந்துவிட்டது, இனி எப்படி மூடுவது என்று இரண்டாவது டம்ளரில் நினைத்தேன். மூன்றாவதில் ஒன்றும் நினைக்கவில்லை. புளிப்பும் துவர்ப்புமாக, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை. பிடிக்காமலே கடைசிச் சொட்டுவரை குடித்தேன். காலி பாட்டிலைப் பட்டறை மரத்தூள் மூட்டைக்குள் புதைத்தேன். பிறகு இன்றுவரை தொடவில்லை.

டாக்டரம்மாமேல் எந்தத் தப்பும் இல்லை. மூன்று மாதத்தில் ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால், பாட்டில் இருந்த இடத்தில் இன்னொரு சீப்பு பழம் வைத்திருப்பார். சொன்னால் என்னை மட்டமாக நினைப்பார் என்று பயந்தேன். தேக்கு உத்தரத்தைப் பார்த்ததும் என்ன மரம், எத்தனை வருடம் என்று சொல்லத் தெரிந்த ஆளாகவே அவர் முன்னால் நிற்க ஆசைப்பட்டேன்.

காலையில் ஆல்பர்ட் அண்ணன் கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை, சட்டைக் கையை அடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அதற்கப்புறம் குடித்தாயா என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் ஆறு என்று எழுது என்றார். முந்நூற்று முப்பத்துநாலு நாள் போய்விட்டதே அண்ணா என்று அழுதேன்.

“அந்த முந்நூத்தி முப்பத்துநாலுல ஒரு நாளாவது குடிச்சியா? இல்லைல்ல. அப்பறம் அது எங்கடா போகும்?”

அம்சாவிடம் மே மாதம் அவர்கள் வந்து சேர்ந்த பிறகு பக்குவமாகச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். நாளை வெள்ளிக்கிழமை. அவள் மேஸ்திரியிடம் பேசுவதற்கு முன் நான் அங்கே நிற்க வேண்டும்.

நன்றி: ஆறு பொய் இல்லாத எண்.

ஏப்ரல் 11, வெள்ளி. 7.

பொள்ளாச்சியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

மில் வாசலுக்கு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். முடியெல்லாம் நார்த்தூசியோடு அம்சா வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். வேப்பமரத்தடியில் நின்று சொன்னேன். தட்டு, பாட்டில், ஸ்க்ரூ, மரத்தூள் மூட்டை, புதன்கிழமை போனில் சொன்ன எண், எல்லாம். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் அழகுபடுத்தவில்லை. மேஸ்திரியிடம் பேசாதே, டிசியும் கேட்காதே, நான் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான் என்று முடித்தேன்.

அவள் நெடுநேரம் மில்லுக்கு முன்னால் காய்கிற நார்க்குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பதினேழு வருசத்துல நீங்க எத்தனையோ தடவ குடிச்சுப்போட்டு வந்திருக்கீங்க. அத்தனையும் நாத்தத்துலயும் அடுத்தவங்க சொல்லியுந்தான் எனக்குத் தெரியும். நீங்களா வந்து குடிச்சேன்னு சொல்றது இதுதானுங்க மொதத் தடவ.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய்த் தன் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து கொடுத்து, சாப்பிடாமல் பஸ் ஏற வேண்டாம் என்றாள். அப்போ உனக்கு என்று கேட்டேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மில்லுக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. மேஸ்திரியிடம் என்ன பேசினாள், பேசினாளா இல்லையா, எனக்குத் தெரியாது.

நன்றி: எலுமிச்சை சாதம், மோர் மிளகாய். அவள் இன்று மதியம் என்ன சாப்பிட்டாளோ.

ஏப்ரல் 12, சனி. 8.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். கதவு ரப்பரைச் சரிபார்க்க வந்தேன் என்று ஆரம்பித்துப் பிறகு சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். தெரியாமல் செய்துவிட்டேனே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்தான் மேடம் என்றேன். அறையை வருடத்துக்கு இரண்டு முறை வந்து பார்க்க வேண்டும், என்னைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டேன் என்றார். நான் வரும்போது தன் வீட்டு டிரைவரும் கூடவே உள்ளே நிற்பார் என்றும் சொன்னார். அதைச் சங்கடப்படாமல் சொன்னதற்காக அவரைக் கும்பிட்டேன்.

நன்றி: அறை பதின்மூன்று டிகிரியில் நிற்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு. 9.

பத்து மணிக்குப் போன் வராது என்று நினைத்துத்தான் பட்டறையில் இருந்தேன். பத்து ஐந்துக்கு வந்தது. மௌனிகா. எல்லாம் தெரிந்த குரல். படிக்கிற மேசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை என்று அம்மா கேட்கச் சொன்னாள் என்றாள். ஒன்பது என்றேன். ஒன்பதாம் என்று அவள் அம்மாவிடம் திரும்பிச் சொல்வது கேட்டது.

பிறகு போன் கை மாறியது.

“மேஸ்திரிகிட்ட வெள்ளிக்கெழமையே சொல்லிப்போட்டேன். டிசிக்கும் எழுதிக் குடுத்தாச்சு” என்றாள் அம்சா. “மே நாலாந்தேதி, கணக்குப் போட்டுப் பாத்தேன். முப்பதுதான் வருது.”

முப்பது போதுமா அம்சா என்று கேட்டேன்.

“உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க. பொட்டி ரண்டு இருக்குது” என்றாள்.